பாபு வீட்டில்தான் தங்குவேன் என்கிறாள் என் மகள்

1

இதைப் பொறாமையில் எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்து, "ஜப்பான்காரருக்கு வயிறு எரியுது" என்பீர்கள். எரிகிறதுதான். பச்சை மீனும் ஊறவைத்த முள்ளங்கியும் தின்று பல வருடமாகக் குளிர்ந்து கிடந்த வயிறு, இந்த ஆகஸ்டில் ஆவடிப் பக்கம் கோவில்பதாகைக்கு வந்து இறங்கிய அரை மணி நேரத்தில் பற்றிக்கொண்டது.

என் பெயர் லூர்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை கற்றவன். இப்போது ஒசாகாவுக்குத் தள்ளி ஒரு சிறிய ஊரில், உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். மனைவி ஜெயா அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மகள் ரீனா அங்கேயே பிறந்தவள், இப்போது மேல்நிலைப் பள்ளியில் முதல் வருடம். இரண்டு ஊர்க்காரர்களும் நாக்கு சுளுக்காமல் கூப்பிடட்டும் என்று வைத்த பெயர் அது.

ஆகஸ்டில் அங்கே முன்னோரை வணங்கும் பண்டிகைக்குத் தொழிற்சாலையை மூடுவார்கள். அதோடு கெஞ்சி வாங்கிய சில நாட்களையும் சேர்த்து, ரீனாவை அழைத்துக்கொண்டு நான் வளர்ந்த வீடான ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு வந்தேன். ஜெயாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

பெட்டியோடு நேராக என் அறைக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"டேய், நீ ஹால்ல படுத்துக்கோ. உள்ள தைகி கீறான்," என்றாள் அக்கா.

"யாரு தைகி?"

"ஜப்பான்லேர்ந்து வந்துகீற புள்ள."

"நானும் ஜப்பான்லேர்ந்துதான்க்கா வந்திருக்கேன்."

"நீ ஆவடிடா," என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

விஷயம் இதுதான். அம்பத்தூரில் வசந்தி மேடம் என்று ஒருவர் தன் பிளாட்டில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் படிக்கும் ஐ.டி. பையன்களும் கல்லூரிப் பெண்களும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். வருடாவருடம் ஜப்பானிலிருந்து சில மாணவர்கள் வந்து இங்குள்ள வீடுகளில் தங்குவார்கள், இங்கிருந்து சிலர் அங்கே போவார்கள். இளையோர் பரிமாற்றம். ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றுப் பொழுது போகாமல் இருந்த அக்கா புருஷன் அந்தோணி மாமா, தன் வீட்டையும் அதில் எழுதிக்கொடுத்திருக்கிறார். தைகி அப்படி வந்தவன்.

என் கட்டிலில் படுத்தான். என் பழைய சைக்கிளை மாமா எண்ணெய் போட்டு அவனுக்குக் கொடுத்திருந்தார். மீன் குழம்பில் தலையை அக்கா யாருக்கு வைத்தாள் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை.

2

அந்த ஞாயிறு பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கத்தின் ஜப்பான் விழா. மின்விசிறிக் கொக்கிகளில் துணியால் செய்த கெண்டை மீன்கள் தொங்கின. இணையத்தில் வாங்கிய யுகாத்தா அங்கிகளைக் கட்டிக்கொண்டு பெண்கள் காகிதக் கொக்கு மடித்தார்கள். வசந்தி மேடம் என்னைக் கண்டதும் மேடைக்கு இழுத்துவிட்டார். "சார் அங்கேயே செட்டிலானவர். நம்ம பிள்ளைகளுக்கு ஜப்பானியப் பண்பாடு பத்திக் கொஞ்சம் பேசுங்க."

அம்பத்தூர்ப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், தேநீர்ச் சடங்குல கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்பணும்?"

நான் தேநீர்ச் சடங்கைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த ஜப்பானியத் தேநீர், தொழிற்சாலை வாசலில் காசு போட்டால் டொக்கென்று விழும் டப்பா. "திருப்பாதீங்க, கொட்டிடும்," என்றேன். கூட்டம் அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டு தலையாட்டியது.

புனித மலையில் ஏறியிருக்கிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். ரயிலில் இருந்து பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மேகம். மர வாள் பயிற்சி? இல்லை. கடைசியில் எனக்கு நிஜமாகத் தெரிந்ததைப் பேசினேன். குப்பை. எரியும் குப்பை எந்தக் கிழமை, பாட்டிலுக்கு எந்தக் கிழமை, பாட்டிலின் மூடி வேறு பை, மேலே ஒட்டிய தாள் வேறு பை, தப்பான பையைப் போட்டால் பக்கத்து வீட்டு அம்மாள் அதைத் திருப்பி எடுத்துவந்து நம் கதவருகே பணிவோடு வைத்துவிட்டுப் போவார். ஒருவர் கொட்டாவி விட்டார். அது அந்தோணி மாமா.

அடுத்து தைகி. "வணக்கம் அண்ணாத்தே, நல்லா கீறீங்களா?" என்றான். மண்டபமே எழுந்து கைதட்டியது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவன் அக்கா வீட்டுத் தெருமுனையில் கிரிக்கெட் ஆடப்போய்ப் பொறுக்கிய நாலு வார்த்தை அது. நானோ ஜப்பானிய மொழியில் புகார்க் கடிதமே எழுதுவேன். ஆனால் அந்த ஊரில் நான் வாயைத் திறந்தால் இன்றைக்கும் கிடைப்பது ஒரே பாராட்டு. "அடடே, உங்களுக்கு எங்கள் மொழி நன்றாக வருகிறதே." போய் இறங்கிய வாரமும் அதையேதான் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது 'நன்றி' மட்டும்.

3

எல்லாவற்றுக்கும் உச்சம் தொட்டி.

அக்கா வீட்டுக் குளியலறையில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வரும்போது தொட்டியை நிரப்பிவிட்டால் குளிக்க, பாத்திரம் விளக்க, துணி அலச எல்லாம் அதுதான். சின்ன வயதில் நான் அதில் ஒரு காலை நனைத்ததற்கு வாங்கிய அறை, ஈரம் காய்ந்த பிறகும் காயவில்லை.

தைகிக்கு நான்தான் நிபுணன் என்ற முறையில் சொல்லியிருந்தேன், "இங்கே சொம்பால் மொண்டு ஊற்றிக் குளிப்பார்கள்." அக்காவிடம், "அவங்க ஊர்ல தண்ணி நிரப்பி அதுக்குள்ள உக்காந்து குளிப்பாங்க," என்றேன். இரண்டும் உண்மை. தொட்டிக்குள் இறங்கக்கூடாது என்று அவனிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

ஜப்பானில் முறை என்னவென்றால், முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து உடம்பைச் சுத்தமாகக் கழுவிக்கொள்வார்கள். அதன் பிறகே தொட்டிக்குள் இறங்கி ஊறுவார்கள். அந்தத் தண்ணீரை யாரும் திறந்துவிட மாட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அதே தண்ணீர்தான். விருந்தாளிதான் முதலில் இறங்க வேண்டும்.

அதுவரை சொம்போடு நிறுத்திக்கொண்டிருந்த தைகி, அன்று தொட்டி நிறைந்ததும் குளிக்கப் போனவன் வரவேயில்லை. மாமா ரெண்டு தரம் கதவருகே போய்ச் செருமிப் பார்த்தார். கடைசியில் பளபளவென்று வெளியே வந்தான். குனிந்து வணங்கி, ஜப்பானிய மொழியில் சொன்னான். "உங்களுக்கு முன்னால் குளித்துவிட்டேன், மன்னிக்கவும். அடுத்தவர் வரலாம்."

மாமா உள்ளே எட்டிப்பார்த்தார். தரையெல்லாம் தண்ணீர். தொட்டி விளிம்பில் ஒரு சிறிய துண்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஸ்டெல்லா, இங்க வா. புள்ள தொட்டிக்குள்ள எறங்கிட்டான்போல."

"எந்தத் தொட்டிக்குள்ள?"

"நம்ம ஊட்ல எத்தினி தொட்டி கீது?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் ரீனா முந்திக்கொண்டாள். "அத்தை, அவன் அழுக்கு பண்ணலை. வெளிய நின்னு சோப்பு போட்டுட்டு, நல்லா கழுவிட்டு, அப்புறம்தான் உள்ள போனான். எங்க ஊர்ல அதான் மரியாதை. உங்களுக்காகத் தண்ணியைக் கீழ விடாம வச்சிருக்கான்."

இடைவெளி விடாமல், தமிழில்.

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் என்று நினைத்தேன். சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடப்பாவி மவனே, ரெண்டு நாள் தண்ணிடா அது," என்றாள். தைகியும் சிரித்தான். எனக்கு விழுந்த அறை மட்டும் எங்கோ தனியாக வலித்தது.

அடுத்த முறை தண்ணீர் வந்ததும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பினார்கள். அதன் பிறகு மாமா குளிக்கப் போனார். வெகுநேரம் சொம்புச் சத்தமே இல்லை. வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், "இத்தினி வருசமா தொட்டிய நம்ம ஊட்லயே வச்சிகினு கீறோம். ஒருத்தனுக்காவது தோணிச்சா?" என்று சொல்லிவிட்டு மேலே துணி காயப்போடப் போனார்.

4

ரீனாவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் என் நாள் இப்படிப் போகும். காலையில் கிழமைக்கேற்ற குப்பைப் பை. பிறகு ரயில். உள்ளே யாரும் பேச மாட்டார்கள், இருமுவதற்கே இடம் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் உடற்பயிற்சி, உதிரிபாகம், குற்றம். மாலையில் வீடு. ரீனா தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். "ஸ்கூல் எப்படிம்மா?" என்பேன். "பெட்சு நி," என்பாள். ஒன்றுமில்லை என்று அர்த்தம். எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜப்பானிய மொழியில் மூடுவாள். அவளுக்குத் தமிழ் போய்விட்டது என்றே நானும் ஜெயாவும் முடிவு கட்டியிருந்தோம்.

போகவில்லை. எனக்குத்தான் கிடைக்கவில்லை.

தைகி ஊருக்குத் திரும்பிய பிறகு வசந்தி மேடம் போன் செய்தார். ஏப்ரல் வரை இங்கே ஒரு பள்ளியில் படிக்க வரவேண்டிய ஜப்பான் மாணவி ஒருத்தி வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். ரீனா அந்த இடத்தைக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் தன் பள்ளிக்கும் எழுதி, அவர்களும் சரி என்றுவிட்டார்கள். ஜெயாவிடம் பேசி அவளும் சம்மதம். பாக்கி நான்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அடுத்த நாள் எங்கள் விமானம்.

"மேடம், இவ இந்தியப் பொண்ணு. இவ எப்படி வெளிநாட்டு மாணவி ஆவா?"

"பாஸ்போர்ட் இந்தியா சார். ஆனா அனுப்புற ஸ்கூல் ஜப்பான். எங்க கணக்குல அவ ஜப்பான் மாணவி. உங்களுக்கு நல்லதுதானே, விசா தொல்லை இல்லை. ஒரு வருஷத்துக்குள்ள திரும்பிட்டா ஜப்பான் பக்கமும் விசாவுக்குக் கேள்வி வராது."

"சரி, அக்கா வீட்லயே இருக்கட்டும்."

"அது முடியாது சார். சொந்தக்காரங்க வீட்ல தங்கினா அதுக்குப் பேரு லீவு. வேற வீட்ல தங்கணும். ரீனாவே ஒரு வீடு சொல்லிட்டா. நம்ம பட்டியல்ல இருக்கற வீடுதான். கரையான்சாவடி பாபு சார்."

5

பாபு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு லேத் ஓட்டியவன். இப்போது கரையான்சாவடி மெயின் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். மாடியில் வீடு. அவன் மகள் தீபா வசந்தி மேடத்திடம் படிக்கிறாள். விழாவில் ரீனாவும் அவளும் ஒட்டிக்கொண்டார்கள். பட்டறைக் காலத்தில் எனக்கும் பாபுவுக்கும் எல்லாவற்றிலும் போட்டி. எல்லாவற்றிலும் அவன்தான் ஜெயித்தான். நான் ஜப்பானுக்குப் போனதை மட்டும் என் வெற்றியாக வைத்திருந்தேன்.

அக்காவுக்குச் செய்தி போனதும் கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னாடா இது? அத்த ஊடு இங்க கீது, எந்தம்பி பொண்ணு அவன் ஊட்ல போய்க் கெடக்கணுமா? ஆளு தெரியாத ஜப்பான் புள்ளைக்குக் கட்டில் தரேன், என் ரத்தத்துக்குத் தரக்கூடாதாம். நல்லா கீதுடா உங்க சங்கம்."

அந்த நிமிடம் நானும் அக்காவும் ஒரே கட்சி. முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, சனிக்கிழமை பஸ் ஏறிக் கரையான்சாவடியில் இறங்கினேன். ரீனா காலையிலேயே அங்கே போயிருந்தாள்.

கடைக்கு எதிரே நின்றேன். கல்லாவில் பாபு. அவனுக்குப் பக்கத்தில், கவுண்டருக்குப் பின்னால், என் மகள். லுங்கி கட்டிய ஒருவர் மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நிக்குமாம்மா?"

"ரெண்டு வருஷம் வாரண்டி கீது அண்ணாத்தே. நிக்கலைன்னா இங்க வந்து என்னைத் திட்டுங்க."

"நீ இருப்பியா அப்போ?"

"பாபு அங்கிள் இருப்பாரு. அவரைத் திட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். பாபு என்னைப் பார்த்துவிட்டான். "வா மச்சான். வெய்யில்ல இன்னாத்துக்கு நிக்கிற? ஜப்பான்ல கடைக்கு வெளிய நின்னுதான் பாப்பாங்களா?"

"பாபு, ஒரு நிமிஷம் ரீனாகிட்டப் பேசணும்."

"பேசு. உன் பொண்ணு. நான் டீ சொல்லிட்டு வரேன்." அவன் நகர்ந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரீனா கவுண்டரை விட்டு வெளியே வரவில்லை. நான் வாடிக்கையாளர் பக்கம் நின்றேன்.

"இவ்வளவு தமிழ் இருக்கே உனக்கு. என்கிட்ட மட்டும் ஏன் பெட்சு நி?"

அவள் யோசித்தாள். "உங்ககிட்ட இப்படிப் பேச வராதுப்பா. அங்க நீங்க ஸ்கூல் எப்படின்னு கேப்பீங்க. மார்க் கேப்பீங்க. அவ்வளவுதான்."

"அதுக்கு இவன் வீட்ல தங்கணுமா?"

"பாபு அங்கிள் நேத்து ஒரு கதை சொன்னாரு. எஸ்டேட்ல நீங்க சூப்பர்வைசர் மாதிரியே குரல் மாத்தி, சாப்பாட்டுக்குப் போங்கடான்னு கத்திட்டீங்களாம். எல்லாரும் மெஷினை நிறுத்திட்டுப் போயிட்டாங்களாம். நிஜ சூப்பர்வைசர் வந்து, யார்றா சொன்னதுன்னு கேட்டா, நீங்கதானே சார்னு எல்லாரும் அவரையே கை காட்டினாங்களாம்."

"அது எப்பவோ."

"நீங்களாப்பா அது?"

கவுண்டரில் இருந்த ரெகுலேட்டர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"வீட்ல நீங்க ஜோக்கே அடிக்க மாட்டீங்க. ரயில்ல போறப்போ நீங்க என்கூடத்தான் வர்றீங்களான்னே தெரியாது. இங்க வந்து பஸ்ல கண்டக்டர்கிட்ட வம்பு பண்றீங்க. அத்தையை அழ அழச் சிரிக்க வைக்கிறீங்க. அந்த அப்பா பாபு அங்கிளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது." கவுண்டரில் கிடந்த ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் பொறுக்கிப் போட்டாள். "எனக்கு அங்கிளைப் பார்த்தா கொஞ்சம் கோவமா வருது. அதான் இங்கயே இருக்கேன்னு சொன்னேன்."

பாபு டீயோடு வந்தான். "இன்னா மச்சான், முடிஞ்சதா பஞ்சாயத்து?"

"என் பொண்ணு உன்னைப் பார்த்துப் பொறாமைப்படறாடா."

"அப்பனை மாரியே," என்றான்.

டீயைக் குடித்துவிட்டு அங்கிருந்தே வசந்தி மேடத்துக்குப் போன் செய்தேன். சம்மதம் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறிப்போனது. அது சூப்பர்வைசர் குரல் அல்ல. அக்காவிடம் சொல்வதற்கு மட்டும் மாமாவை அனுப்பினேன். வாராவாரம் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ரீனா அத்தை வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று அக்கா ஒரு சட்டம் போட்டாள். சங்கத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

6

ஜப்பானுக்குத் திரும்பி வந்து மாதங்கள் ஆகின்றன. குப்பைப் பை குறைந்திருக்கிறது. ரீனா சாப்பிட்டுப் போடும் தயிர் டப்பாக்கள் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் மகள் தற்காலிகமாக வெளியூர் போயிருக்கிறாள் என்று தெரிவிக்கப் போனபோது, அங்கிருந்த இளைஞர் மலர்ந்து, "இந்தியாவா? அருமை. இந்த வயதில் ஓர் அந்நியப் பண்பாட்டைத் தெரிந்துகொள்வது நல்ல அனுபவம்," என்றார். நானும் குனிந்து, ஆமாம், மிகவும் அந்நியம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவோம். போன வாரம் ரீனா எடுத்ததும் மூச்சு வாங்கினாள். பின்னால் பாபுவின் குரல், தீபாவின் சிரிப்பு.

"அப்பா, அப்புறம் கூப்பிடுறேன். கதை பாதியில நிக்குது."

"யார் கதை?"

"உங்க கதைதான். நீங்களும் அங்கிளும் வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனது. நீங்க சைக்கிளோட சேத்துல மாட்டிக்கிட்டது."

"அதை நானே சொல்றேனே."

"வேணாம்பா. அங்கிள் நடிச்சுக் காட்டுறாரு." வைத்துவிட்டாள்.

ஜெயா தட்டுகளைக் கழுவிக்கொண்டே திரும்பினாள். "என்ன சொன்னா?"

"பிசியா இருக்காளாம். என் கதை கேக்குறாளாம்."

"உங்ககிட்ட ஏது கதை?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் சுட்டது. "உக்காரு, சொல்றேன்," என்று ஆரம்பித்தேன். ஏரிக்கரை, வாடகை சைக்கிள், பின்னால் உட்கார்ந்து பாபு கொடுத்த இம்சை. சேற்றில் இறங்கிய இடத்தை நானும் நடித்துக் காட்டினேன். ஒரு செருப்பு உள்ளே போய்விட்டதுபோல நொண்டினேன். ஜெயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று சுவரைப் பார்த்தாள். பிறகு பொத்தாமல் சிரித்தாள்.

"அப்புறம்? எப்படி வெளிய வந்தீங்க?"

அங்கேதான் நின்றுவிட்டேன். சேறு நினைவிருக்கிறது. வெய்யில் நினைவிருக்கிறது. கரையில் யாரோ என்னைப் பார்த்து ஏதோ கத்தியது நினைவிருக்கிறது. நான் அதற்குத் திருப்பி ஏதோ சொன்னேன், அதற்குக் கரையே சிரித்தது. என்ன சொன்னேன், எப்படி வெளியே வந்தேன் என்பது சுத்தமாக இல்லை.

"இரு, கேட்டுச் சொல்றேன்," என்று பாபுவுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. என் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான்.